காளியண்ணன் பெண்சாதி

“நோவு ஒனக்கா, ஒம் புருசனுக்கா?”

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில், பெயர் பதியும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரஹ்மத் என்ற பெண் நவமணியிடம் அப்படிக் கேட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. செம்பனை முள் உள்ளங்கையில் ஏறி, உள்ளேயே ஒடிந்து, கை பணியாரமாக உப்பிப் போயிருந்த நாள் அது. தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்த சீட்டை இடது கையால் நீட்டியிருந்தாள். அதில் ‘காளியண்ணன் பெண்சாதி’ என்று இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. ரஹ்மத் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டாள். “எனக்குத்தாங்க” என்றாள் நவமணி. “அப்ப ஒம் பேரு வேணும்லா. அவரு பேர எழுதி ஒங் கையில ஊசி போட முடியாதும்மா.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நவமணியும் சிரித்து வைத்தாள். தன் பெயரைச் சொல்லும்போது அவளுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. அடுத்தவர் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. முள்ளை எடுத்துவிட்டார்கள், காயமும் ஆறியது. கேள்விதான் உள்ளேயே தங்கிவிட்டது.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு விடிகாலை ஐந்தரை மணிக்கு. ஆபீசுக்கு முன்னால் இருக்கும் செம்மண் திடலில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதன் அடியில் கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் நல்லசாமி நின்று பெயர்களைக் கூப்பிடுவார். பக்கத்தில் கிராணி உமாபதி புத்தகத்தை முழங்கையில் தாங்கிக்கொண்டு, “இருக்கேன்” என்ற குரல் வந்ததும் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குப் பெயர் போடுவது என்று பேச்சு. பெயர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். தொடர்ந்து மூன்று நாள் விழாவிட்டால் பெயரையே வெட்டிவிடுவார்கள். வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுப் போகவேண்டும். ஆண்களுக்கு அவரவர் பெயர். பெண்களுக்கு அப்படி இல்லை. நாராயணசாமி பெண்சாதி, அப்பளசாமி பெண்சாதி, கலியாணம் ஆகாததென்றால் இன்னார் மகள். வேலம்மாளின் புருஷன் அங்கமுத்து செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் “அங்கமுத்து பெண்சாதி” என்றுதான் கூப்பிட்டார்கள். கிழவியும் இருமலுக்கு நடுவே இருக்கேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவமணி கலியாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. எல்லாப் பெண்களையும்போல அவளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவன் பெயரில் காளி இருக்கிறதே என்று தோட்டத்துக் காளி கோயிலைக்கூட ‘பெரிய மரத்துக் கோயில்’ என்றுதான் சொல்வாள். திருவிழாவுக்கு வந்த பூசாரி ஒருமுறை, எந்தச் சாமிக்கம்மா அர்ச்சனை என்று கேட்டபோது, நாக்கை நீட்டிக் காட்டி ஜாடை செய்தவள் அவள். ஆனால் தினமும் விடிகாலையில் அந்தப் பெயருக்குத்தான் இருக்கேன் என்று சொன்னாள். சொல்லத் தகாத பெயருக்குப் பதில் மட்டும் சொல்லலாம்போல என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

காளியண்ணன் தைப்பூசம் கழிந்த மறுவாரம் ரவாங்குக்குப் போனான். அங்கே வரிசை வரிசையாக வீடுகள் கட்டுகிறார்கள், சம்பளம் இரண்டு மடங்கு என்றான். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு மாதம் ஒருமுறை வந்தான். அப்புறம் அவன் வரவில்லை, சேதி வந்தது. கட்டுமான ஆட்களுக்குச் சமைத்துப்போடும் ஒருத்தியோடு ஒரே அறையில் இருக்கிறானாம். சேதியைச் சொன்ன லோரி டிரைவர் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் டயரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். நவமணி அன்று மாலை வழக்கம்போல அரிசியில் கல் பொறுக்கினாள். ஐந்தாவது படிக்கும் மகள் ஏதோ கேட்டதற்குப் பதிலும் சொன்னாள். சாதம் வெந்து இறக்கும்போதுதான் உலையில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டிருப்பது தெரிந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாம் பிளாக்கில் அவர்களுக்கு ஒரு நிரை இருந்தது. எண்ணெய் எடுக்கும் இளம் செம்பனைகள், ஆள் உயரத்தில் குலை தள்ளுபவை. புருஷன் உளிக்கம்பால் குலையைக் குத்தி இறக்குவான், பெண்சாதி அதைச் சாலையோர மேடைக்குத் தூக்கி வந்து அடுக்கி, உதிரிப் பழத்தைப் பொறுக்குவாள். வெட்டிய குலையின் காம்பில் மெழுகுப் பென்சிலால் ஆளின் நம்பரை எழுதவேண்டும். காளியண்ணனுக்கு நாற்பத்தேழு. அவன் குடித்துவிட்டுத் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் நவமணியே வெட்டி, நவமணியே சுமந்து, நாற்பத்தேழு என்று எழுதி வைத்தாள். அது மண்டோருக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும், குலை ஏற்ற வரும் லோரிக்காரனுக்கும் தெரியும். அவன் போன பிறகு அவளைப் புல் வெட்டும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள். நிரையை யார் யாரோ முறை வைத்து வெட்டினார்கள். பெண் பெயரில் நிரை கொடுக்கும் வழக்கம் இல்லை.

ஏழு மாதமாகப் பெரட்டில் மண்டோர், “காளியண்ணன்” என்று கூப்பிடுவார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். “வருவான்” என்று அவரே சொல்லிக்கொண்டு, “காளியண்ணன் பெண்சாதி” என்பார். வீடு அவன் பெயரில் இருந்தது. அவன் பெயரைப் புத்தகத்தில் உயிரோடு வைத்திருந்தால்தான் அவளுக்கு வீடு. நல்லசாமி மனசு யாருக்கு வரும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மாளும் அதைத்தான் சொல்வாள். “அந்தப் பேருதான்டி ஒனக்குக் கூரை. கம்முனு இருந்துக்க.” நவமணியும் இருந்துகொண்டாள்.

ஆகஸ்டு மாதத்து ஒரு திங்கட்கிழமை. மண்டோர் முந்தின நாள் ரவாங்கில் மகள் வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி சாப்பிட்டு வந்த களிப்பில் இருந்தார். “காளியண்ணன் பெண்சாதி” என்று கூப்பிட்டார். நவமணி வாயைத் திறப்பதற்குள் கையைத் தூக்கினார்.

“இரு இரு. எந்தப் பெண்சாதின்னு தெளிவா கேக்கணும்லா. நேத்து ரவாங்குல ஒண்ணப் பாத்தேன். நல்லா செவப்பா, மார்க்கெட்டுல மீன் பேரம் பேசிக்கிட்டு நிக்கிது. கிராணி, ஒண்ணாம் நம்பரு, ரெண்டாம் நம்பருன்னு எழுதிக்கய்யா. பின்னால கொழப்பம் வரும்.”

ஆண்கள் சிரித்தார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு கணம் கழித்துப் பெண்கள் பக்கமும் சிரிப்பு வந்தது. மண்டோர் சிரிக்க வைத்ததால் சிரிக்கவேண்டிய சிரிப்பு. அப்பளசாமி வீட்டுச் சின்னம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் அவள் பிள்ளைக்கு நவமணி வேப்பிலை அரைத்துக் கொடுத்திருந்தாள். சிரிப்பு அடங்கும்வரை நவமணி காத்திருந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இனி அந்தப் பெயருக்குத் தன் வாயிலிருந்து பதில் வராது என்பது மட்டும் தெரிந்தது.

“இருக்கேன்னு சொல்லு, நேரமாவுது” என்றார் மண்டோர்.

“அந்த ரவாங்கு அம்மாளக் கூப்புடுங்க மண்டோரே. இங்க அப்பிடி ஆளு இல்ல.”

“என்னா பேச்சு இது?”

“காளியண்ணன் இங்க இல்ல. ஏழு மாசமா இல்ல. இல்லாத ஆளுக்கு இங்க எப்பிடிப் பெண்சாதி இருக்கும்? எம் பேரு நவமணி. அதக் கூப்புடுங்க, இருக்கேன்னு சொல்றேன்.”

தன் வாயில் புருஷன் பெயர் வந்துவிட்டது என்று சின்னம்மாளின் கண்கள் அகன்ற பிறகுதான் நவமணிக்கே தெரிந்தது. பன்னிரண்டு வருடம் சொல்லாத பெயர். நாக்கு ஒன்றும் வெந்துபோகவில்லை. வெற்றிலை துப்பியதுபோல் வாய் காலியாக இருந்தது.

“பொம்பளைக்குப் பேரு கூப்புடற வழக்கம் இந்தத் தோட்டத்துல இல்ல” என்றார் மண்டோர். “வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து இல்ல.”

“வெள்ளக்காரன் போயி எத்தினி வருசம் ஆச்சு மண்டோரே?”

ஆண்கள் பக்கத்தில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் மண்டோரைச் சுட்டிருக்கவேண்டும். அவர் குரல் தணிந்தது. “கிராணி, அவளுக்குப் பேரு போடாத. வூட்டுக்குப் போவட்டும்.”

அவள் வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். வாசல் மூலையில் ஏழு மாதமாகச் சாய்த்து வைத்திருந்த உளிக்கம்பை எடுத்தாள். சிலந்தி வலையைத் துடைத்து, தட்டை உளியை அம்மியின் ஓரத்தில் தேய்த்தாள். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நேராகப் பன்னிரண்டாம் பிளாக்குக்குப் போனாள். யாரையும் கேட்கவில்லை. மட்டைகளுக்கு நடுவில் பழுத்துச் சிவந்த குலையைக் கண்டுபிடித்து, காம்பில் உளியை வைத்து, இடுப்பைக் கொடுத்து ஒரு குத்து. இரண்டாவது குத்தில் அது முறிந்து தொப்பென்று விழுந்தது. கைக்கு வேலை மறந்திருக்கவில்லை. உளி தோளைவிடவும் இடுப்பைத்தான் கேட்கும், அது அவளுக்குத் தெரியும். காளியண்ணனுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. எப்போதும் தோளால் குத்திவிட்டு முதுகு வலி என்று படுத்துவிடுவான். மத்தியானத்துக்குள் மேடையில் குலைகள் வரிசையாக நின்றன. மெழுகுப் பென்சிலை எடுத்து முதல் காம்பில் நான்கு என்று கை தானாக எழுதிவிட்டது. நிறுத்தினாள். விரலால் அழித்தாள். ஈரக் காம்பில் எழுத்து வழுக்கியது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். ‘ந’வுக்குக் கீழே சுழிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த குலைக்குப் போனாள்.

குலை எண்ண வந்த உமாபதி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காம்பில் இருந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். ஐந்தாம் பாரம் படித்தவர், இருபத்து நான்கு வயது, பெரியவர்களோடு பேசும்போது பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்.

“என்னாக்கா இது?”

“எம் பேரு. தமிழ் ஸ்கூல்ல மூணாவது வரைக்கும் படிச்சேன். எழுத்துல தப்பு இருக்கா தம்பி?”

“எழுத்து சரியாத்தான் இருக்கு. பேரு போடாத ஆளோட கொலைய நான் எப்பிடி எண்றது? நாப்பத்தேழுன்னு போட்டுடுங்க. எண்ணிட்டுப் போயிடறேன். மண்டோருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“நாப்பத்தேழு ரவாங்குல செங்கல் தூக்கிக்கிட்டு இருக்கு.”

“வெளையாடாதீங்கக்கா. மூணு நாளு இப்பிடிப் போச்சின்னா வூட்டக் காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வந்துடும்.”

“அந்தக் கடுதாசியில யாரு பேரு எழுதுவீங்க?”

உமாபதி யோசித்தார். “காளியண்ணன்னுதான்.”

“அப்ப அவருகிட்டயே கொண்டு போயிக் குடுங்க.”

அவர் பேனா மூடியைக் கடித்தபடி மற்ற மேடைகளுக்குப் போய்விட்டார். மூன்று மணிக்கு லோரி வந்தது. நம்பர் எழுதிய குலைகளை ஏற்றிக்கொண்டு, பெயர் எழுதிய குலைகளை விட்டுவிட்டுப் போனது.

மறுநாளும் அப்படியே நடந்தது. “காளியண்ணன் பெண்சாதி” என்று மண்டோர் கூப்பிட்டார். நவமணி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. அவள் மறுபடியும் நிரைக்குப் போனாள். முதல் நாள் குலைகளில் பழம் இளகி உதிரத் தொடங்கியிருந்தது. ஒன்றிரண்டில் எலி வாய் வைத்திருந்தது. உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, சாக்கின் மேலும் எழுதினாள். பத்து மணிபோல மண்டோர் சைக்கிளில் வந்து, இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றார்.

“ஒங்கிட்ட எனக்கு என்னா பகை? நாந்தான ஒன்னக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன். தொரை கேக்கறப்பல்லாம், வந்துடுவான் வந்துடுவான்னு பொய் சொன்னவன் நான்.”

“காப்பாத்துனீங்க மண்டோரே. இல்லன்னு சொல்லல.” அவள் வேலையை நிறுத்தவில்லை. “ஆனா தினம் காத்தாலே அதுக்கு என்கிட்ட ஒரு கூலி வாங்குனீங்க. அதான் கட்டுப்படியாவல.”

“ஒரு பேருல என்னா இருக்கு?”

“ஒண்ணும் இல்லன்னா கூப்புட்டுட்டுப் போங்களேன்.”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மத்தியானமே ரவாங்குக்குப் போகும் லோரியில் சேதி சொல்லி அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது.

சாயங்காலம் பைப்படியில் இராஜம்மாள் பிடித்துக்கொண்டாள். வாளி நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் திட்டினாள்.

“பேரு வேணுமாம் பேரு. எனக்கும்தான் இராஜம்மான்னு வச்சாங்க. எந்த ராஜாங்கத்த ஆண்டுட்டேன்? நாளைக்கு ஒரு நாளுதான்டி இருக்கு. பொட்டப்புள்ளய இழுத்துக்கிட்டு எங்க போவே? ரவாங்குக்கா, அவ சமைச்சிப் போடுவான்னா?”

“எங்கயும் போவல.”

“பெருசா வெட்டறாளாம். ஒரு பொம்பள பிளாக்குல தனியா நின்னு...” இராஜம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆமா, தோளு எறங்கிடாம எப்பிடிடி குத்தறே? எனக்கு ராவெல்லாம் கொடையிது.”

நவமணி நிமிர்ந்து பார்த்தாள். இராஜம்மாளின் புருஷன் நாராயணசாமிக்கு ஒரு வருடமாக இடுப்புப் பிடிப்பு என்பது அவளுக்குத் தெரியும். அவர் நிரையில் குலை மட்டும் குறையாமல் எப்படி விழுகிறது என்று அவள் யோசித்ததில்லை. “தோளால குத்தாதக்கா” என்றாள். “இடுப்பக் குடு.” இராஜம்மாள் வாளியைத் தூக்கினாள். தூக்கும்போது இடுப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மகள் ஓடிவந்தாள். “அம்மா, அப்பா வந்திருக்காரு. மண்டோரு வூட்டுல டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு.”

நவமணி உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்தாள். இரண்டு பேருக்கு அளந்த பிறகு கை இன்னொரு டப்பா அரிசியை அள்ளியது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கோபித்துக்கொண்டு வந்திருப்பானா, வெட்கப்பட்டு வந்திருப்பானா, மகளுக்கு ஏதாவது வாங்கி வந்திருப்பானா என்று மனம் ஒரு சுற்று சுற்றி வந்தது. மண்டோர் வீட்டு வாசல் அங்கிருந்து அறுபது எட்டுகூட இருக்காது. இருட்டும்வரை யாரும் அந்த அறுபது எட்டை வைக்கவில்லை. அவள் அரிசியை டின்னிலேயே கொட்டிவிட்டு மூடியை அழுத்தினாள்.

மூன்றாம் நாள் விடிகாலை திடலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வேலைக்கு வராத கிழவர்கள்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஆண்கள் வரிசையில் காளியண்ணன் நின்றான். நீளக் கால்சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, காலடியில் ஒரு பை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவள் பக்கம் பார்க்காமல் விளக்கைச் சுற்றும் ஈசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காளியண்ணன்.” மண்டோரின் குரல் கோயில் மணிபோல இருந்தது.

“இருக்கேன்.”

உமாபதி கோடு போட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் விழும் முதல் கோடு.

“காளியண்ணன் பெண்சாதி.”

நவமணி பேசவில்லை. மண்டோர் சிரித்தார். இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். “இப்ப என்னா சொல்றே? இல்லாத ஆளுக்குப் பெண்சாதி ஏதுன்னு நீதான கேட்ட. ஆளு இருக்கான். பாத்துக்க. அப்ப பெண்சாதியும் இருக்கணும்லா.”

அவள் சொன்ன சொல்லே திரும்பி வந்து அவள் எதிரில் நின்றது. பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மாட்டிக்கொண்டாள் என்று சிலர் முகத்தில் வருத்தம், சிலர் முகத்தில் நிம்மதி. நவமணி மண்டோரை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“நாளைக்கும் பெரட்டுக்கு வருவீங்களா?”

“அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்” என்றான் காளியண்ணன்.

“இப்பவே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“இருக்கேன்னு சொல்லிட்டேன்லா? நீயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். பத்து மணி பஸ்ஸ வுட்டா எனக்கு அப்பறம்...”

அவன் நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது தாமதமாகிவிட்டது. மண்டோர் கண்ணை மூடிக்கொண்டார். திடல் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. இருமலுக்கு நடுவிலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. “பத்து மணிக்கு அப்பறம் இவ யாரு பெண்சாதி மண்டோரே? கேட்டு வச்சிக்கங்க, பின்னால கொழப்பம் வரும்.”

சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது நவமணியைத் தாண்டிக்கொண்டு போனது. அவள் சிரிக்கவில்லை.

“அவரு இருந்தாலும் சரி, பஸ்ஸு ஏறினாலும் சரி” என்றாள். “அது எனக்கும் அவருக்கும். பன்னண்டாம் பிளாக்குல கெடக்கிற கொலை எங் கையால வெட்டினது. எம் பேரக் கூப்புட்டா இருக்கேன்னு சொல்வேன். கூப்புடலன்னா சொல்லமாட்டேன். நாளைக்கும் வருவேன். வூட்டு வாசல்ல கடுதாசி ஒட்டினாலும் இங்க வந்து நிப்பேன்.”

மண்டோர் அவளை விட்டுவிட்டு மேலே போனார். வேகமாக முடித்துவிடவேண்டும்போல இருந்தது அவருக்கு.

“நாராயணசாமி.”

“இருக்கேன்.”

“நாராயணசாமி பெண்சாதி.”

பதில் இல்லை. மண்டோர் நிமிர்ந்தார். இராஜம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் கூரையைப் பார்த்தாள்.

“கூப்புடறாங்கல்ல, சொல்லு” என்றார் நாராயணசாமி.

“யாரையோ கூப்புடறாங்க.”

“அப்பளசாமி பெண்சாதி” என்று கத்தினார் மண்டோர்.

“இருக்கேன்” என்றாள் சின்னம்மாள். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“அங்கமுத்து பெண்சாதி.”

வேலம்மாள் நிதானமாக எச்சிலை விழுங்கினாள். “செத்த மனுசன தினம் காத்தாலே பேரு சொல்லிக் கூப்புடறீங்க. எந்திரிச்சி வந்து நின்னுடுவாரோன்னு பதினோரு வருசமா எனக்கு அடிவயிறு கலங்குது. போதும்லா மண்டோரே. அவரு தூங்கட்டும். வேலம்மான்னு ஒருத்தி இருக்கா, வேணும்னா அவளக் கூப்புடுங்க.”

மண்டோர் கிராணியைப் பார்த்தார். மேலே எழுது என்று கண்ணால் சொன்னார். உமாபதி எழுதவில்லை. பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

“மண்டோரே, நாப்பத்தேழுல நான் கோடு போட்டுட்டேன். நாளைக்கு அந்த ஆளு இல்லன்னா தொரைக்கு நாந்தான் பதில் சொல்லணும். உங்களக் கேக்கமாட்டாங்க, என் கையெழுத்தத்தான் காட்டுவாங்க.” அவர் கூட்டத்தைக் கடந்து ஆண்கள் வரிசைக்குப் போனார். புத்தகத்தை விரித்து, மேலே பேனாவை வைத்து நீட்டினார். “காளியண்ணே, இருக்கிறதா இருந்தா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னியிலேர்ந்து நிரை உங்களோடது, வூடு உங்களோடது. நாளைக்குக் காத்தாலே அஞ்சரைக்கு இங்க நிக்கணும். இல்லன்னா சொல்லிடுங்க. அந்தக் கொலைய வெட்டின ஆளு பேர நான் எழுதணும்.”

வானம் வெளுத்துவிட்டிருந்தது. விளக்கை யாரும் அணைக்கவில்லை. அது இருந்தும் இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. காளியண்ணன் புத்தகத்தைப் பார்த்தான். தன் பெயருக்கு எதிரே ஏழு மாதத்து வெற்றிடமும், ஓரத்தில் புதிதாக விழுந்த ஒற்றைக் கோடும். பிறகு மண்டோரைப் பார்த்தான். மண்டோர் வேறு பக்கம் பார்த்தார். பெண்கள் வரிசையில் நவமணி உளிக்கம்பைத் தரையில் ஊன்றியபடி நின்றாள். அவள் அவனிடம் எதையும் கேட்கும் முகத்தோடு இல்லை. நிரைக்குப் போக நேரமாகிறதே என்று நிற்பவளைப்போல நின்றாள்.

அவன் குனிந்து பையை எடுத்தான். தோளில் மாட்டிக்கொண்டான். வரிசையிலிருந்து விலகி, ஆபீஸைச் சுற்றிக்கொண்டு, பெரிய சாலைக்குப் போகும் செம்மண் பாதையில் இறங்கினான். எதிரே குலை ஏற்றும் லோரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அதற்கு வழிவிட்டுப் பனி நனைந்த புல்லுக்குள் இறங்கி நின்றான். லோரி போனதும் மறுபடியும் பாதையில் ஏறி நடந்தான். கிராணி நீட்டிய பேனா நீட்டியபடியே இருக்க, திடல் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவன் போய்க்கொண்டிருந்தான்.